மணியாச்சியில் இல்லாத கடிகாரம்: ஒரு பாக்கெட் வாட்ச்சின் நிகழ்வு ஆய்வு

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்த வெள்ளிப் பாக்கெட் வாட்ச்சைப் பற்றியது இந்த ஆய்வு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. இந்த வீட்டுக்குள்ளும் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. பெட்டியும் அதற்குள் இருந்த வாட்ச்சும் இரண்டு நாள் சேற்றில் கிடந்தன.

சில மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு வந்தவர் அந்த வீட்டு மூத்த பெண்மணி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எண்பது வயதை ஒட்டியவர். இங்கே டீச்சர் என்றே சொல்கிறேன். குடும்பத்தார் பெயர் வேண்டாம் என்றார்கள், விஷயத்தை எழுதச் சம்மதித்தார்கள். வாட்ச்சை ஓடவைத்துத் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். டீச்சர் கேட்டது வேறு.

“ஓடாட்டிப் போகட்டும் தம்பி. எங்க வீட்டுல சொல்ற கதை நெசமா, சித்தப்பா வீட்டுல சொல்ற கதை நெசமா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

இரண்டு வீடு, இரண்டு கதை

வாட்ச் டீச்சரின் தாத்தாவுடையது. தாத்தா சவுத் இந்தியன் ரயில்வேயில் கார்டு. அவருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் டீச்சரின் அப்பா. இளையவர் வழியில் வந்தவர்கள் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார்கள்.

மூத்த வீட்டுக் கதை இது: தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ரயில்வே துரை ஒருவர் கையால் கொடுத்த பரிசு. அதனால் அது மூத்த மகனுக்கு வந்தது, மூத்தவர் வீட்டிலேயே இருக்க வேண்டியது.

இளைய வீட்டுக் கதை இதைவிடக் கனமானது. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டபோது தாத்தா பிளாட்பாரத்தில் டூட்டியில் நின்றாராம். சத்தம் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து இந்த வாட்ச்சை எடுத்து மணி பார்த்தாராம். ‘சரித்திரம் பார்த்த வாட்ச்’ என்று அந்த வீட்டில் சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். கூடவே ஒரு மனக்குறையும் உண்டு. மூத்தவரைப் படிக்கவைக்க வீட்டுச் சாமானெல்லாம் அடகுக்குப் போனது, இளையவர் படிப்பு பாதியில் நின்றது, கடைசியில் வாட்ச்சும் மூத்தவர் வீட்டுக்கே போனது என்ற குறை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டு, நல்லது கெட்டதுக்குப் போவார்கள் வருவார்கள். ஆனால் வாட்ச் பேச்சு வந்தால் மட்டும் குரல் மாறிவிடும்.

ஆஷ் கொலை நம் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பழைய ரயில்வே குடும்பத்துக்கும் எங்கேயாவது ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியிலிருந்து மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் ரயிலுக்காக மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தபோது நடந்தது அது. அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆகவே கதையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

வாட்ச் வந்த கோலம்

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் பழைய வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவரோடு சேர்ந்துதான் நான் இந்த வேலைகளைச் செய்வது. கையில் திருப்புளி பிடிப்பவர் அண்ணாச்சி. படம் எடுப்பது, எழுதி வைப்பது, தேடுவது என் பங்கு.

மேல்மூடி இல்லாத, டயல் வெளியே தெரியும் வகை வாட்ச். வெள்ளை எனாமல் டயல். அதில் ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, பம்பாய், கல்கத்தா’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இன்றும் அகப்படும் பாக்கெட் வாட்ச்சுகளில் இந்தப் பெயரை அடிக்கடி பார்க்கலாம். 1886இல் பம்பாயில் தொடங்கிய சுவிஸ் வியாபாரம் அது. ராணுவம், ரயில்வே, தபால் என்று உத்தியோகம் பார்ப்பவர்களிடம் நன்றாக விற்றது.

டயலில் 7க்கும் 8க்கும் நடுவிலிருந்து மையம் வரை மயிரிழை போல ஒரு விரிசல். அதற்குள் வண்டல் இறங்கிப் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. வெளிப்பக்க வெள்ளி மட்டும் பளபளவென்று இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு டீச்சரின் மருமகள் நல்ல மனதோடு விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார். நம் வீடுகளில் வெள்ளிச் சாமானை அப்படித்தான் துலக்குவோம். குத்துவிளக்குக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் அது சரி. வாட்ச்சுக்குக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் மேல்தோல் கொஞ்சம் போகிறது, அதோடு அதில் கீறி எழுதியதும் போகிறது. நல்ல வேளையாகப் பின்மூடியின் கீலில் சேறு இறுகியிருந்ததால் மூடி திறக்கவில்லை. உள்பக்கம் விபூதி படாமல் தப்பியது. இந்த ஆய்வு நடந்ததே அதனால்தான்.

அரிசிப் பாத்திரத்திலும் கொஞ்ச நாள் போட்டு வைத்திருந்தார்கள். செல்போன் பழக்கம் வாட்ச்சுக்கும் வந்துவிட்டது. அரிசி ஈரத்தை இழுப்பதற்குள் துரு பிடித்துவிடும், மாவுத்தூள் வேறு உள்ளே போகும். வாட்ச் தண்ணீரில் விழுந்தால் சாவி கொடுக்காமல், ஆட்டாமல், அன்றைக்கே ரிப்பேர்க்காரர் கையில் சேர்க்க வேண்டும். இந்த வீட்டில் சாவி மட்டும் கொடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஒன்று பெரிய உபகாரம். வண்டல் மணலோடு சக்கரங்கள் சுற்றியிருந்தால் பல்லும் முனையும் அரைபட்டுப் போயிருக்கும்.

மெஷின் சொன்ன வருஷம்

கீலில் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, அண்ணாச்சி மூடியைத் திறந்தார். பின்மூடியின் உள்ளே 0.800 என்ற எண்ணும் காட்டுக்கோழி முத்திரையும் இருந்தன. ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்பதற்கான சுவிஸ் அரசாங்க முத்திரை அது. 1880களில் வழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆகவே காலத்தைக் கணிக்க அது போதாது.

மெஷினில் சிறகு விரித்த மணற்கடிகைச் சின்னம் இருந்தது. லாஞ்சின்ஸ் கம்பெனி 1889இல் பதிவு செய்த சின்னம். டயலில் வெஸ்ட் எண்ட், உள்ளே லாஞ்சின்ஸ் என்றால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பலர் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. வெஸ்ட் எண்ட் பல சுவிஸ் தொழிற்சாலைகளிடம் மெஷின் வாங்கித் தன் பெயரில் விற்றது, லாஞ்சின்ஸ் அவற்றில் ஒன்று. மெஷினில் உள்ள வரிசை எண்தான் நமக்கு முக்கியம். சுவிட்சர்லாந்தின் சான்-இமியே ஊரில் உள்ள அந்தக் கம்பெனி 1867இலிருந்து எந்த எண் எப்போது யாருக்குப் போனது என்று பேரேடு வைத்திருக்கிறது, கேட்டால் பார்த்துச் சொல்கிறது. எண்ணைப் படமெடுத்து எழுதினோம். இந்த மெஷின் 1913ஆம் ஆண்டு இந்திய வியாபாரத்துக்காக வெளியே போனது என்று பதில் வந்தது.

1911 ஜூனில் மணியாச்சியில் எந்த வாட்ச் மணி காட்டியிருந்தாலும் அது இந்த வாட்ச் இல்லை.

தூத்துக்குடி வீட்டில் இதைச் சொல்லவேண்டியிருந்தது. டீச்சரின் சித்தப்பா மகன், அவரும் எழுபதைத் தாண்டியவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப தாத்தா அங்க நிக்கவே இல்லையா?” என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. வாட்ச் இல்லை என்பதால் ஆளும் இல்லை என்று ஆகிவிடாது. வேறு வாட்ச் வைத்திருந்திருக்கலாம், ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம். குடும்பக் கதைகளில் இப்படி அடிக்கடி நடக்கும். மனிதர் பார்த்தது காலப்போக்கில் அவர் விட்டுப்போன பொருள் பார்த்ததாக மாறிவிடும். கையில் தொட்டுக் காட்ட ஒரு சாமான் இருந்தால்தானே பேரப்பிள்ளை கதை கேட்கும்.

அவர் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். தாத்தாவின் மகள் கல்யாணம், 1924. பெண்ணின் தகப்பனார் பெயருக்குக் கீழே ‘கார்டு, எஸ்.ஐ.ஆர்.’ என்று அச்சடித்திருந்தது. தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்பதற்கு நாங்கள் பார்த்த முதல் காகிதம் அதுதான். மூத்த வீட்டில் இருந்த காகிதங்களெல்லாம் வெள்ளத்தில் கூழாகிவிட்டன.

உள்மூடிக் கீறல்கள்

மூத்த வீட்டுக் கதைக்கு வருவோம். ஓய்வு பெறும்போது கொடுத்த பரிசு என்றால் வழக்கமாகப் பெயரும் தேதியும் செதுக்கியிருப்பார்கள். வெளிப்பக்கம் விபூதியில் தேய்ந்துவிட்டது என்று வாதிடலாம். ஆனால் செதுக்கிய எழுத்து ஒரு தேய்ப்பில் அடியோடு போகாது. பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் பள்ளமாவது தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை.

உள்மூடியில்தான் விஷயமெல்லாம் இருந்தது. பழைய ரிப்பேர்க்காரர்கள் வாட்ச்சைக் கழட்டிப் பூட்டினால் மூடியின் உள்பக்கம் ஊசியால் மாதமும் வருஷமும் தங்கள் அடையாளமும் பொடியாகக் கீறி வைப்பார்கள். அதே வாட்ச் திரும்பி வந்தால் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டுமே. நேராக வெளிச்சம் விட்டால் இவை கண்ணில் படாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை மூடியின் விளிம்போடு விளிம்பாகப் படுக்கவைத்து, கண்லென்ஸ் வழியாகச் செல்போனில் படமெடுத்தோம். டார்ச்சைச் சுற்றிச் சுற்றி நகர்த்த, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு வேறு கோடுகள் எழுந்து வந்தன.

ஆறு தேதிகள் தெளிவாகப் படிக்கக் கிடைத்தன: 9/19, 4/23, 1/27, 8/31, 6/38, 2/51. முதல் மூன்றும் ஒரே கை. 1924இல் தாத்தா இன்னும் வேலையில் இருந்தார் என்று பத்திரிகை சொல்கிறது. வாட்ச்சோ 1919லேயே இங்கே ரிப்பேருக்குப் போயிருக்கிறது. ஆக, ஓய்வுக்கால பரிசு என்ற கதையும் நிற்கவில்லை.

அவர் வேலை பார்த்த காலத்தில் வைத்திருந்தார் என்பதற்கு மெஷினிலேயே இன்னொரு தடயம். முன்னும் பின்னும் ஆடி வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன முள் ஒன்று இருக்கும். சாதாரண வீட்டு வாட்ச்சில் அதை யாரும் தொடுவதே இல்லை. இதில் அந்த முள் நகரும் பாதை பித்தளை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நிமிஷக் கணக்கில் வாட்ச்சைச் சரியாக வைத்திருக்க வேண்டிய ஒருவர் வருஷக்கணக்காக ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ரயில்வேயில் வண்டி கிளம்புமுன் கார்டு தன் வாட்ச்சை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, அந்த மணியை டிரைவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சங்கிலி கோக்கும் வளையமும் உள்பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்து மெலிந்திருந்தது. விசேஷத்துக்கு மட்டும் எடுத்து மாட்டிய வாட்ச்சில் வளையம் இப்படித் தேயாது. 1923இல் திருச்செந்தூர் லைன் போட்ட பிறகு தாத்தா அந்த லைனில்தான் அதிகம் போனார் என்பது இரண்டு வீடும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம்.

தேதிகளோடு வேறு மூன்று எண்களும் இருந்தன. கோடு போட்டுப் பிரிக்காத, மாதம் வருஷம் ஆகாத எண்கள். முரட்டுக் கை, கனமான ஊசி. பார்த்த உடனே அண்ணாச்சி, “இது நம்ம ஆள் வேலை இல்ல. அடகுக்கடை நம்பர்” என்றார். பிடித்துக்கொண்ட சாமான் மாறிவிடாமல் இருக்கச் சில கடைக்காரர்கள் சீட்டு எண்ணைப் பொருளிலேயே கீறிவிடுவார்கள். அண்ணாச்சி கையில் இப்படிப் பல வாட்ச் வந்து போயிருக்கிறது.

எப்போது அடகு வைத்தது? இங்கேதான் லென்ஸ் உதவியது. ஒரு கீறலின் மேல் இன்னொரு கீறல் ஏறினால், பின்னால் வந்தது முன்னதன் பள்ளத்தை வெட்டிக்கொண்டு போகும், ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். முதல் எண்ணின் வால் 8/31 என்ற தேதியை வெட்டிக்கொண்டு போனது. 6/38 போட்ட ரிப்பேர்க்காரரின் அடையாளமோ மூன்றாவது எண்ணை வெட்டியிருந்தது. மூன்று எண்ணும் ஒரே கை, ஒரே ஊசி. ஆக, 1931 ஆகஸ்டுக்கும் 1938 ஜூனுக்கும் நடுவே வாட்ச் மூன்று தடவை அடகுக்குப் போயிருக்கிறது. மூன்று தடவையும் மீட்டிருக்கிறார்கள். மீட்காவிட்டால் இன்று நம் மேஜையில் இருக்காது.

படத்தைப் பெரிதாக்கி டீச்சரிடம் காட்டினேன். மூன்று எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “எங்க அப்பா பாளையங்கோட்டையில காலேஜ் சேர்ந்தது 1934” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடகு வைத்த பணம் படிப்புக்குத்தான் போனது என்று கீறல் சொல்லாது. அந்த வருஷங்களில் நெல் விலை, பருத்தி விலை எல்லாம் விழுந்து கிடந்தது. கடன், வைத்தியம், கல்யாணம் என்று எத்தனையோ செலவு இருந்திருக்கும். இதையும் அவரிடம் சொன்னேன். ஆனாலும் சித்தப்பா வீட்டார் இத்தனை வருஷம் சொல்லிவந்த அடகுக் கதை வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பதை இந்த மூன்று எண்களும் நிச்சயமாகக் காட்டிவிட்டன. மணியாச்சி, துரை என்ற இரண்டு பெரிய கதையும் போய், யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத அந்த மனக்குறைதான் கடைசியில் ஆதாரத்தோடு நின்றது. எனக்கு இதில்தான் தாத்தா என்ற மனிதர் தெரிகிறார். வேலைக்கு வேண்டிய கருவியையே அடகு வைத்து, மீட்டு, மறுபடி அடகு வைத்துக் குடும்பம் நடத்தியவர்.

பழுது பார்த்த விதம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேட்டும் சக்கரங்களும் தப்பின, சக்கர முனைகளைத் தாங்கும் கல் பதினைந்தும் தப்பின. மாணிக்கக் கல்லைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. எஃகுப் பாகங்கள்தான் அடிவாங்கின. வாட்ச்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் துருவேறிச் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டது. பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பு வெளியே பித்தளையும் உள்ளே எஃகுமாக ஒட்டிச் செய்தது, வெயிலிலும் குளிரிலும் வேகம் மாறாமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அதன் எஃகுப் பக்கம் ஒரு இடத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது.

அதே வகை லாஞ்சின்ஸ் மெஷின் ஒன்று, கேஸும் டயலும் இல்லாமல், அண்ணாச்சியிடம் உதிரிக்காகக் கிடந்தது. ஹேர் ஸ்பிரிங்கும் பேலன்ஸும் அதிலிருந்து வந்தன. மெயின் ஸ்பிரிங் புதிது. கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்ன உறையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதிக் குடும்பத்திடமே கொடுத்தோம். கடைக்காரர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன். துருப்பிடித்த ஸ்பிரிங்கானாலும் அது அவர்கள் வீட்டுப் பொருள்.

டயல் விஷயத்தில் எங்களுக்குள் வாதம் வந்தது. வெள்ளத்தின் வண்டலும் இந்த வாட்ச்சின் வரலாறுதானே, இருக்கட்டும் என்றேன் நான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. எனாமலுக்கு அடியில் செம்புத் தகடு, மண் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், செம்பு பச்சை பூத்தால் எனாமல் பெயரும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு எடுத்ததில் கோடு வெளிறியது, முழுக்கப் போகவில்லை. அதற்கு மேல் தொடவில்லை. விரிசலைப் பூசி மறைக்கவும் இல்லை. உள்மூடியைத் துணியால் ஒற்றியதோடு சரி, பாலீஷ் கிட்டே கூடக் கொண்டுபோகவில்லை.

முட்களில் ரேடியம் பூச்சு இல்லாதது நிம்மதி. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து வந்த இருட்டில் ஒளிரும் டயல், முள் கொண்ட வாட்ச் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பழுப்புப் பூச்சைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். ஒளி போனாலும் கதிர்வீச்சு போகாது.

இப்போது வாட்ச் ஓடுகிறது. படுக்கவைத்தால் நாளைக்கு அரை நிமிஷம் போல முந்துகிறது, நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் பிந்துகிறது. நூறு வயது தாண்டி, வெள்ளத்திலும் கிடந்த வாட்ச்சுக்கு இது போதும்.

யாரிடம் இருக்க வேண்டும்

இது எங்கள் வேலை இல்லை. ஆனால் ஆய்வு அங்கேதான் போய் முடிந்தது. இளைய வீட்டுப் பேரன் ஒருவர் முதலில் வெள்ளி விலையைச் சொல்லி, விற்றுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். கேஸில் இருக்கும் வெள்ளியைக் கணக்குப் பார்த்தால் பெரிய தொகை ஒன்றும் வராது. விலை ஏறும்போதெல்லாம் இப்படி எத்தனையோ வெள்ளிக் கேஸ்கள் உருக்குக்குப் போய், மெஷின் மட்டும் குப்பையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்மூடிப் படங்களைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

டீச்சர் தூத்துக்குடிக்குப் போய் சித்தப்பா மகனிடம் வாட்ச்சைக் கொடுக்கப் பார்த்தார். அவர் வாங்க மறுத்திருக்கிறார். “எங்க அப்பா படிச்சதுக்கு உங்க அப்பாவும் குடுத்திருக்காரு, வச்சுக்கோ” என்றாராம் டீச்சர். கடைசியில் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் எப்படியும் அங்கே கூடுவார்கள். ஒரு வருஷம் இந்த வீடு, ஒரு வருஷம் அந்த வீடு, உத்திரத்தன்று கை மாறும்.

வாட்ச்சோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போகிறது. அதில் பழைய ஸ்பிரிங் உறைகள், உள்மூடிப் படங்கள், 1924 பத்திரிகையின் நகல், மெஷின் எண் எழுதிய காகிதம் எல்லாம் இருக்கின்றன. மணியாச்சிக் கதையையும் துரை கதையையும் யார் யார் சொன்னார்கள் என்ற விவரத்தோடு எழுதிச் சேர்த்திருக்கிறோம், மெஷின் 1913இல்தான் கம்பெனியிலிருந்து வெளியே போனது என்ற குறிப்போடு. 2/51 என்ற கடைசித் தேதிக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது தாத்தா இல்லை. வாட்ச்சை ரிப்பேருக்குக் கொடுத்தது அப்பாவா சித்தப்பாவா என்று இப்போது இரண்டு வீடும் சேர்ந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.